கார்மேகம் சாட்சி சொன்ன வழக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, வணக்கம்.

இங்கே நான், என் மனைவி, தங்கள் மகன், என் மகள் ஆகிய நால்வரும் உடம்பளவில் சௌக்கியம். தாங்களும் சம்பந்தியம்மாவும் அவ்வண்ணமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் முழங்கால் வலி குறைந்துவிட்டது என்றும், அதைப் பற்றித் தாங்கள் பேசுவது மட்டும் குறையவில்லை என்றும் சம்பந்தியம்மா என் மனைவியிடம் சொன்னதாகக் கேள்வி. முதல் பாதிக்கு மகிழ்ச்சி. நேற்று தாங்கள் தொலைபேசியில் அழைத்தபோது முழு விவரமும் என்னால் சொல்ல முடியவில்லை. காரணம், தாங்கள் பேசிக்கொண்டிருந்தீர்கள். கடிதத்தில் அந்த இடைஞ்சல் கிடையாது.

தாங்கள் நேற்று என்னிடம் சொன்னவை இரண்டு. ஒன்று: "உங்க பொண்ணு என் பையனை ஊரே பாக்க நிக்க வெச்சுக் கேள்வி கேட்டாளாமே, இது நம்ம ரெண்டு குடும்பத்துக்கும் அழகா?" மற்றொன்று: "மாநிலம்ங்கிறது வாடகைக்குக் குடியிருக்கிற மாதிரி சம்பந்தி. மத்திய அரசுதான் வீட்டுக்காரர். சுவத்துல ஆணி அடிக்கணும்னாக்கூடக் கேட்டுட்டுத்தான் அடிக்கணும்." ஆயுள் முழுக்க மத்திய அரசின் ரயில் நிலையத்தில் நிலைய அதிகாரியாக இருந்தவர் தாங்கள். தாங்கள் கொடி அசைத்தால் ரயில் நகரும். அந்தப் பழக்கத்தில், தாங்கள் வாயசைத்தால் நானும் நகர்ந்துவிடுவேன் என்று எண்ணிவிட்டீர்கள் போலிருக்கிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு, யார் தலை நிமிர வேண்டும், யார் தலை குனிய வேண்டும் என்று தாங்களே சொல்லுங்கள். என்னைக் கேட்டால் நம் இருவருக்குமே கழுத்து வலிக்கும் அளவுக்கு நிமிரலாம்.

வழக்கு என்ன என்பது தங்களுக்குத் தெரியும். ஆனால் தங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தங்கள் மகன் பக்கத்துச் சங்கதி என்பதால் எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ஒரு சட்டி மாதிரி. சுற்றிலும் மலை, நடுவில் ஊர், தெருக்களில் பாதி மேடு, மீதி இறக்கம். வண்டிகள் விடுகிற புகை வெளியே போக வழி தெரியாமல் ஊருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். குளிர்மாதக் காலையில் எதிர்வீட்டு ஜன்னல் தெரியாது. எதிர்வீட்டுக்காரர் இருமுவது மட்டும் கேட்கும், அதை வைத்து அவர் இருக்கிறார் என்று தெரிந்துகொள்வோம். இதற்காக மாநில அரசு ஒரு விதி போட்டது. இந்த ஊரில் ஓடுகிற வண்டியை மேட்டில், பாரத்தோடு ஏற்றிப் புகையை அளக்க வேண்டும், தேறாத வண்டி ஊருக்குள் ஓடக்கூடாது என்பது அந்த விதி. உடனே மத்திய அரசு, "புகைக்கு அளவு வைப்பது எங்கள் அதிகாரம், நாடு முழுக்க எங்கள் சோதனைதான் செல்லும், நீங்கள் யார் தனியாக வைக்க?" என்று தீர்ப்பாயத்துக்குப் போய்விட்டது. மாநிலத்தின் சார்பில் வாதாடுகிற அரசு வக்கீல் அலுவலகத்தில் என் மகள் ஜூனியர். மத்திய அரசின் வாகனத் துறையில், அந்தச் சோதனை முறையை எழுதிய அதிகாரிகளில் தங்கள் மகனும் ஒருவர். புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிர்ப் பக்கம் என்று இருவருமே தத்தம் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு அலுவலகமும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டது போல, "வேற ஆள் இல்லை, பாத்து நடந்துக்குங்க" என்று சொல்லிவிட்டன. தங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று குறிப்பிடுகிறேன், மத்திய அரசும் மாநில அரசும் முழுமையாக ஒத்துப்போனது இந்த ஒரே விஷயத்தில்தான்.

வாசற்படிக்கு உள்ளே வழக்கைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று இருவரும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். ஒப்பந்தத்தை மீறாமல் இருக்க அவர்கள் செய்த ஏற்பாடுகளால் வீட்டில் மற்றவர்கள் வாழ முடியவில்லை. மகள் தன் வாதத்தைக் குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஒத்திகை பார்த்தாள். குழாயைத் திறந்துவிட்டால் வெளியே கேட்காது என்பது அவள் நினைப்பு. கேட்டது. மாப்பிள்ளையோ கார் கொட்டகைக்குப் போய், என் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தன் துறை வக்கீலுக்குத் தொலைபேசியில் குறிப்புகள் கொடுத்தார். என் காரில் ஒரு கண்ணாடி முழுதாக ஏறாது என்பது அவருக்குத் தெரியாது. நான் குளியலறைப் பக்கமும் போக முடியாமல், கொட்டகைப் பக்கமும் போக முடியாமல், நடுக்கூடத்தில் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். என் மனைவி பார்த்துவிட்டு, "காது வலியா, எண்ணெய் விடட்டுமா?" என்றாள். சாப்பாட்டு மேஜையில் யாராவது "இன்னைக்கு ஒரே பனி" என்று சொன்னாலே போதும், "அது பனியா, புகையா?" என்று மகள் ஆரம்பிப்பாள், "வானிலையை யாரும் அரசியலாக்க வேண்டாம்" என்பார் மாப்பிள்ளை, அதற்குள் என் மனைவி இருவர் தட்டிலும் எதையாவது வைத்துவிடுவாள். வாய் நிறைந்திருந்தால் வாதம் வராது என்பது அவள் கண்டுபிடிப்பு. அந்த மாதத்தில் இருவருக்குமே சட்டை இறுக்கமாகிவிட்டது.

இப்போது என் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணத்தின்போது அதில் ஒருமுறை ஏறியவர் தாங்கள், இறங்கியதும் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டது நினைவிருக்கும். என் ஓட்டுநர் பள்ளியின் ஒரே கார் அது. டீசல் வண்டி. மாணவர் பக்கம் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். என் பக்கம் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். கூரை மேலே பள்ளியின் பெயர்ப்பலகை. இந்த ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிற கைகளில் பாதிக்கு மேல் அந்த ஸ்டியரிங்கில் நடுங்கிய கைகள்தான். ஊர்க்காரர்கள் அதற்குக் கார்மேகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மழை மாதிரி எல்லோருக்கும் பயன்படுவதால் அப்படி வைத்தார்கள் என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அது மேடு ஏறும்போது பின்னால் நின்று பார்த்தவர்கள் வேறு காரணம் சொன்னார்கள். எப்படியோ, பெயர் கம்பீரமான பெயர்.

விசாரணை நாள் காலையில் மகளுடைய மூத்த வக்கீலுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒரு சொல்கூட வெளியே வரவில்லை. காரணம் புகை என்றாள் மகள், ஐஸ் தண்ணீர் என்றார் மாப்பிள்ளை. எது எப்படியோ, அன்று மாநிலத்தின் சார்பில் எழுந்து நின்று பேச வேண்டியவள் என் மகள் என்று ஆகிவிட்டது. சம்பந்தி அவர்களே, தாங்களும் ஒரு தகப்பன். ஒரு மாநிலமே தன் வாயாக என் மகளை அனுப்புகிறது, அவள் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டா போவாள்? "ஏறும்மா காருல" என்றேன். "அப்பா, புகை கேஸுக்கு இந்தக் காருல போய் இறங்கினா ஊரே சிரிக்கும்ப்பா" என்றாள். "எவன் சிரிக்கிறான்னு நானும் பாக்கறேன்" என்றேன். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அலுவலக வண்டி வராது என்று தகவல் வந்தது. அவர் வாசலில் நின்று கடிகாரத்தையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். "மாமா, நானும்..." என்று இழுத்தார். "வாங்க மாப்பிள்ளை, மத்திய அரசுக்கு இடமில்லாமப் போயிடுமா?" என்று பின்கதவைத் திறந்தேன். என் மனைவி, "நீங்க மூணு பேரும் போற லட்சணத்துக்கு நடுவுல ஒரு ஆள் வேணும்" என்று சாப்பாட்டுக் கூடையோடு ஏறிக்கொண்டாள். கட்டுக் கட்டாக வழக்குக் காகிதம் வேறு. கார்மேகம் அவ்வளவு பாரத்தை அதற்கு முன்பு சுமந்ததில்லை.

தீர்ப்பாயக் கட்டடம் ஊரிலேயே பெரிய மேட்டின் உச்சியில் இருக்கிறது. நீதி உயர்ந்தது என்று காட்டுவதற்காக அங்கே கட்டினார்களாம், நடந்து வருகிறவர்களை யாரும் கேட்கவில்லை. மேட்டின் அடிவாரம் வந்ததும் மாப்பிள்ளை, "மாமா, இங்கேயே நிறுத்துங்க. ரெண்டு தரப்பும் ஒரே காருல போய் இறங்கினா நல்லா இருக்காது. நான் நடந்து வந்துடறேன்" என்றார். அந்த நேர்மையைப் பாருங்கள்! அப்படிப் பிள்ளையை வளர்த்ததற்குத் தங்களுக்கு நான் இங்கேயே ஒரு வணக்கம் போடுகிறேன். அவர் இறங்கினார். நான் முதல் கியர் போட்டு மேட்டில் ஏற்றினேன். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் எனக்கு ஊர் தெரியவில்லை, மலை தெரியவில்லை, மாப்பிள்ளையும் தெரியவில்லை. ஒரே இருட்டு. அந்த இருட்டுக்குள் அவர் வெள்ளைச் சட்டையோடு நடந்து வந்துகொண்டிருந்தார் என்பதை உச்சிக்குப் போய் இன்ஜினை நிறுத்திய பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். உச்சியில் பத்திரிகைக்காரர்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். புகைக்கு எதிராக வாதாட வந்த வழக்கறிஞர், கறுப்பு மேலங்கியோடு கறும்புகை நடுவிலிருந்து வெளிப்படுவதை அவர்கள் படம் எடுத்தார்கள். என் மகள் என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவள் சின்ன வயதில் என்னிடம் கார் கற்றுக்கொண்டபோது நான் அவளைப் பார்த்த அதே பார்வை. வாங்கிக்கொண்டேன்.

உள்ளே போனால் கூடம் நிரம்பி வழிகிறது. தலைமை இடத்தில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், கண்டிப்பான அம்மா. மத்திய அரசின் பக்கம் குரலால் பெயர் வாங்கிய பெரிய வக்கீல். அவர் பேசினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். ஆனால் எனக்கு அவரிடம் பயம் கிடையாது. அவருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னால் இன்ஜினை அணைத்துவிட்டு என்னை முறைப்பார். அன்றைக்கு அவர் எழுந்து நின்று ஒரு முழக்கம் முழங்கினார். ஒரே நாட்டில் மாநிலத்துக்கொரு புகை விதி இருந்தால் லாரிகள் எல்லைக்கு எல்லை நிற்க வேண்டுமா, கார் செய்கிறவர்கள் மாநிலத்துக்கொரு கார் செய்ய வேண்டுமா என்றெல்லாம் கேட்டார். உண்மையைச் சொன்னால் நியாயமான கேள்விகள்தான். அத்தோடு நிறுத்தி உட்கார்ந்திருந்தால் அவர் ஜெயித்திருப்பார். ஆனால் கூட்டம் தலையாட்டுவதைப் பார்த்ததும் அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. அப்போதுதான் செய்தியில் வந்திருந்த படத்தைக் கைப்பேசியில் உயர்த்திக் காட்டி, "மாநிலத்தின் வழக்கறிஞர் வந்து இறங்கிய கார் இது! தன் வழக்கறிஞரின் வண்டியையே அடக்க முடியாத மாநிலம், ஊர் வண்டிகளை அடக்கப் போகிறதாம்!" என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு. என் மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் குனிந்து காகிதத்தைப் புரட்டினாள். ஆசையாகக் கொண்டுவந்து விட்டவன் நான்.

தலைவர் அம்மா சிரிக்கவில்லை. படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்தக் கார் யாருடையது?" என்றார்.

நான் எழுந்தேன். என் மனைவி வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தும் எழுந்தேன். "என்னுதுதாங்கம்மா. ஓட்டுநர் பள்ளி வெச்சிருக்கேன். அங்கே நிக்கிறது என் மக. இந்தப் பக்கம் உக்காந்திருக்கிறது என் மாப்பிள்ளை. பேசிட்டு இருந்தாரே, அவரு என் மாணவர்."

பெரிய வக்கீல், "இதெல்லாம் வழக்குக்குத் தொடர்பில்லாதது" என்று அதட்டினார்.

"படத்தைக் காட்டினது நீங்கதானே?" என்றார் அந்த அம்மா. "இப்ப தொடர்பு வந்துடுச்சு. அவரை இங்கே வரச் சொல்லுங்க."

இப்படியாக, சம்பந்தி அவர்களே, நான் சாட்சிக் கூண்டு ஏறினேன். பெரிய வக்கீல் என் அருகில் வந்து, பழைய கணக்கையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு, மிகவும் இனிமையாகக் கேட்டார்: "ஐயா, காரைச் சரியாப் பராமரிக்காம விட்டதாலதானே இவ்வளவு புகை? ஒத்துக்கிறீங்களா?"

அந்த இடத்தில் "ஆமாம்" என்று நான் சொல்லியிருந்தால், குற்றம் காருக்குப் போயிருக்கும், மத்திய அரசின் விதி தப்பித்திருக்கும், வழக்கும் அத்தோடு முடிந்திருக்கும். பிறகு பட்டறையில் விட்டு எடுத்தேன் என்று சொல்லிக் கார்மேகத்தையும் காப்பாற்றியிருக்கலாம். இவ்வளவையும் யோசித்துத்தான் நான் பதில் சொன்னேன் என்று ஊரில் சிலர் என்னைப் பாராட்டுகிறார்கள். தங்களிடம் மறைப்பானேன், நான் எதையும் யோசிக்கவில்லை. எனக்கு வந்தது கோபம்.

"என்ன கேட்டீங்க? பராமரிக்கலையா? நானா?" என்றேன். "நாள் தவறாம ஆயில் பாக்கறேன். ஃபில்டரைக் குழந்தை மூக்கைத் துடைக்கிற மாதிரி துடைக்கிறேன். அந்த இன்ஜின்ல சாப்பாடு போட்டுச் சாப்பிடலாம். மத்திய அரசு முத்திரை குத்தின புகைச் சான்றிதழ் முன்கண்ணாடியிலேயே ஒட்டியிருக்கு, போய்ப் பாருங்க. என் காருல ஒரே ஒரு குறை கண்டுபிடிங்க, என் மீசையை இங்கேயே எடுத்துடறேன்!"

என் மகள் மெல்ல நிமிர்ந்தாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். என்ன வெளிச்சம் என்று எனக்கு விளங்கவில்லை, அப்பன் தன்மானத்தோடு பேசுகிறான் என்று பெருமைப்படுகிறாள் போல என்று நினைத்து மார்பை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டேன். அவள் என் பக்கம் வந்தாள்.

"சாட்சி அவர்களே" என்றாள். பெற்ற தகப்பனை! "இந்த ஊர்ல இதைவிட நல்லாப் பராமரிச்ச பழைய கார் இருக்கா?"

"இல்லவே இல்லை."

"மத்திய அரசோட சோதனையில தேறினது எத்தனாவது முயற்சியில?"

"முதல் முயற்சியிலேயே. சோதனை பண்ணினவரே எழுந்து நின்னு பாராட்டினார்."

"நன்றி. உக்காருங்க அப்... சாட்சி அவர்களே" என்றவள், தலைவர் பக்கம் திரும்பினாள். "அம்மா, என் எதிர்த்தரப்பு நண்பருக்கு நான் நன்றி சொல்லியாக வேண்டும். நான் தேடிக்கொண்டிருந்த சாட்சியை அவரே கூப்பிட்டுவிட்டார். ஒரு குறையும் இல்லாத கார். மத்திய அரசின் சோதனையில் தேறிய கார். அதுவே எங்கள் ஊர் மேட்டில் இப்படிப் புகைகிறது. குறை காரில் இல்லை என்றால், வேறு எதில் இருக்கிறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் காரை நானே புகழ்ந்து புகழ்ந்து தூக்குமேடையில் ஏற்றிவிட்டிருக்கிறேன். இறங்கி வந்து உட்கார்ந்தேன். என் மனைவி, "பேசினது நல்லா இருந்துச்சு. ஆனா நாளையிலேருந்து எதுல கத்துக்கொடுப்பீங்க?" என்றாள்.

இனிமேல்தான் தங்கள் புகாருக்கு வருகிறேன். மகள் அடுத்து, மத்திய அரசின் அதிகாரியிடம் சில விவரம் கேட்க அனுமதி வேண்டும் என்றாள். தங்கள் மகன் எழுந்து வந்து நின்றார். அதுவரை பின்வரிசையில் இருந்ததால் அவரை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. வெளிச்சத்துக்கு வந்ததும் கூடத்தில் ஒரு சலசலப்பு. காலையில் வெள்ளையாகக் கிளம்பிய சட்டை சாம்பல் நிறத்தில் இருந்தது. கழுத்துப்பட்டையை நிமிர்த்தியபோது அதன் அடியில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது.

"அதிகாரி அவர்களே" என்றாள் என் மகள்.

"சொல்லுங்கள் வழக்கறிஞர் அவர்களே" என்றார் அவர்.

என் காதருகே, "இந்த மரியாதையை வீட்டுலயும் கொடுத்தா எவ்வளவு நல்லா இருக்கும்" என்றாள் என் மனைவி.

"மத்திய அரசின் சோதனை எப்படிப்பட்ட இடத்தில் நடக்கிறது?"

"சமதளத்தில்."

"வண்டி ஓடுமா, நிற்குமா?"

"நிறுத்திவைத்துத்தான் அளப்போம்."

"பாரம்?"

"பாரம் கிடையாது."

தலைவர் அம்மா குறுக்கிட்டார். "அதிகாரி, உங்க சட்டைக்கு என்ன ஆச்சு?"

பெரிய வக்கீல் முன்னால் குனிந்து தங்கள் மகனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "துறையைக் கேட்டுச் சொல்றேன்" என்று ஒரு வாக்கியம் இருக்கிறதே, அரசு அதிகாரிகள் ஆபத்துக்கு வைத்திருக்கிற வாக்கியம், அதைச் சொல்லியிருந்தால் போதும், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தங்கள் மகன் அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டார். "இந்தக் காருக்குப் பின்னால் இந்த மேட்டில் நடந்து வந்தேன்மா. அதனால் ஆனது" என்றார். "அந்தச் சான்றிதழ் முறைப்படி கொடுத்ததுதான். எங்கள் சோதனையை எழுதியவர்களில் நானும் ஒருவன். மேடு நிறைந்த ஊரை நாங்கள் நினைத்துப் பார்க்கவில்லை. நாடு முழுக்க ஒரே விதி இருப்பதுதான் நல்லது என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அது நல்ல விதியாக இருக்க வேண்டும். இப்போது இருப்பது போதாது."

சம்பந்தி அவர்களே, நான் எத்தனையோ பேர் பக்கத்தில் உட்கார்ந்து கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். நெருக்கடியில் கை நடுங்காதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அன்றைக்குத் தங்கள் மகனுக்கு நடுங்கவில்லை. தன் துறை தோற்றுவிடும் என்று தெரிந்து, மேலதிகாரிகள் முறைப்பார்கள் என்று தெரிந்து, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். என் மகள் ஒரு நிமிஷம் அடுத்த கேள்வியை மறந்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "வேறு கேள்வி உண்டா?" என்று தலைவர் கேட்ட பிறகுதான் "இல்லை" என்றாள். தாங்கள் சொன்னீர்களே, ஊரே பார்க்க நிறுத்தினாள் என்று. ஆமாம், நிறுத்தினாள். ஊரே பார்த்தது. நான் பார்த்தேன். தாங்கள் அங்கே இல்லாமல் போனதுதான் எனக்கு வருத்தம், இருந்திருந்தால் தாங்களும் என்னைப் போலக் கண்ணில் தூசு விழுந்ததாகச் சொல்லிக்கொண்டு துடைத்திருப்பீர்கள்.

தீர்ப்பு சில வாரம் கழித்து வந்தது. மத்திய அரசு போடுவது தரை, அந்தத் தரைக்குக் கீழே எந்த மாநிலமும் போகக்கூடாது, ஆனால் ஒரு ஊருக்குத் தனியான தேவை இருக்கிறது என்று நிரூபித்தால் அந்தத் தரைக்கு மேலே மாநிலம் மாடி கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டது. தங்கள் ஆணிக்கும் சுவருக்கும் இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை, சம்பந்தி அவர்களே. மாடியே கட்டலாமாம்! அந்த மாடிக்குச் சித்தாள் வேலை பார்த்தவள் என் மகள், செங்கல் எடுத்துக்கொடுத்தவர் தங்கள் மகன். மாப்பிள்ளையை மேலதிகாரி கூப்பிட்டு முறைத்தது உண்மை, பிறகு உட்காரச் சொல்லித் தேநீர் வரவழைத்ததும் உண்மை. விசாரணை நடந்த அன்று மாலை வீட்டில், "நல்லாப் பேசினே" என்றார் அவர். "நீங்களும்தான்" என்றாள் அவள். அதற்கு மேல் பேச்சில்லை, ஒப்பந்தம் இன்னும் அமலில் இருந்தது. அந்தச் சட்டையை மாநிலத் தரப்பு துவைக்க மறுத்துவிட்டது, மத்திய தரப்புக்குத் துவைக்கத் தெரியாது, என் மனைவிதான் அடித்துத் துவைத்தாள். இப்போது அது ஒரு மாதிரியான புறா நிறத்தில் இருக்கிறது.

கார்மேகத்தை மேட்டுச் சோதனைக்கு நானே ஓட்டிப்போனேன். விதி அமலுக்கு வந்த அன்றே, முதல் ஆளாக. அடுத்தவன் வந்து பிடித்தான் என்ற பேச்சு வரக்கூடாது பாருங்கள். சோதனை செய்தவர் இன்ஜின் மூடியைத் திறந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு சுத்தமான இன்ஜினை நான் பாத்ததே இல்லைங்க. ஆனா தேறலை" என்றார். முதல் பாதியை எழுதித் தரச் சொன்னேன். அதற்கு வழக்கம் இல்லையாம். பள்ளிக்கு ஒரு மின்சாரக் கார் வாங்கியிருக்கிறேன். அதில் கிளட்ச்சே இல்லை. சத்தமும் இல்லை, புகையும் இல்லை, மேட்டில் நிறுத்தி எடுத்தால் நழுவுவதும் இல்லை. கற்றுக்கொள்ள வருகிறவர்களைத் திட்டுவதற்கு ஒரு காரணமும் கிடைக்காமல் திண்டாடுகிறேன். குளிர்மாதம் வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் ஜன்னலில் நின்று என்னைப் பார்த்துக் கையசைக்கிறார். அவருக்கு இவ்வளவு பெரிய மூக்கு என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

ஆகவே, மாநிலங்களின் உரிமை என்பது விட்டுக்கொடுக்கவே கூடாத ஒன்று, தன் ஊர்க் காற்றைத் தானே காத்துக்கொள்ளும் அதிகாரத்தை எந்த மத்திய அரசும் பறிக்கக்கூடாது, இதில் என் கொள்கை மலை மாதிரி அசையாதது என்பதைத் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் அன்பையும் சொல்லவும். பிள்ளைகள் இருவரும் தங்கள் இருவரின் ஆசியோடு நீடூழி வாழட்டும், தங்கள் முழங்காலும் என் மன அமைதியும் சீக்கிரம் திரும்பி வரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மருமகளைப் பெற்றதற்காக மிகவும் பெருமைப்படும்,
சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போகும் சமயம் பிள்ளைகள் இருவரும் வந்து செய்தி சொன்னார்கள். என் மகளின் வாதத்தைப் படித்த மத்திய அரசு, எங்கள் மேட்டுச் சோதனையையே நாடு முழுக்கச் சட்டமாக்கப் போகிறதாம். அதை எழுதுவதற்கு என் மகளையே மத்திய அரசு வேலைக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. அவள் எழுதப்போகும் முதல் விதியே, இனி எந்த மாநிலமும் தனியாகப் புகை விதி போடக்கூடாது என்பதுதானாம். அதே சமயம் தங்கள் மகன், ஊருக்கு ஊர் மேடு வேறு, எல்லாவற்றுக்கும் ஒரே சோதனை எப்படிப் பொருந்தும் என்று மனம் மாறி, மத்திய அரசு வேலையை விட்டுவிட்டு எங்கள் மாநில அரசின் மாசுத் துறையில் சேர்ந்துவிட்டார். ஆகவே, இந்தக் கடிதத்தில் மாநிலம் என்று வரும் இடத்திலெல்லாம் மத்திய அரசு என்றும், மத்திய அரசு என்று வரும் இடத்திலெல்லாம் மாநிலம் என்றும் மாற்றிப் படித்துக்கொள்ளவும். நாடு முழுக்க ஒரே விதி என்பதுதான் அறிவுள்ள ஏற்பாடு என்று நான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவருவது தங்களுக்குத் தெரியும். தாங்கள் இப்போது எந்தப் பக்கம் என்பதை உடனே எழுதித் தெரிவித்தால், நான் அதற்கு எதிர்ப்பக்கம் நிற்க வசதியாக இருக்கும்.